யார் கணக்கிலும் வராத 22 ஜிபி: மெமரி தீர்ந்து மூன்று முறை விழுந்த ஒரு டேட்டாபேஸ் சர்வர்

சர்வர் முதல் முறை விழுந்தபோது கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) லாகில் இருந்த வரி இது: "அவுட் ஆஃப் மெமரி: கில்டு ப்ராசஸ் (போஸ்ட்கிரெஸ்), அனான்-ஆர்எஸ்எஸ்: 22316 கேபி, ஷ்மெம்-ஆர்எஸ்எஸ்: 15214508 கேபி, பிஜிடேபிள்ஸ்: 30860 கேபி." மூன்று எண்கள். நாங்கள் நடுவில் இருந்த பெரிய எண்ணை மட்டும் பார்த்தோம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் ஒரு தனி ப்ராசஸ். ஒரே ஒரு கனெக்‌ஷன் 14.5 ஜிபி விழுங்கிவிட்டது, அதைக் கண்டுபிடித்தால் வேலை முடிந்தது என்று நினைத்தோம். அது தவறு என்று புரிவதற்குள் ஒன்பது நாள் ஓடிவிட்டது. அதற்குள் சர்வர் இன்னும் இரண்டு முறை விழுந்தது. உண்மையான விடை அந்த வரியின் கடைசி எண்ணில் இருந்தது.

இதே மாதிரி இடத்தில் இன்னும் பலர் மாட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதனால் நாங்கள் போன தவறான வழிகளையும் விடாமல் எழுதுகிறேன்.

சர்வரும் அதன் வேலையும்

போஸ்ட்கிரெஸ் 15, 16 கோர், 64 ஜிபி ரேம். கெர்னல் தனக்கு எடுத்துக்கொண்டது போக 62 ஜிபி கண்ணுக்குத் தெரியும். ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவும் டிஸ்க் இடம்) கிடையாது. ஷேர்டு பஃபர்ஸ் (எல்லா ப்ராசஸும் பகிரும் டேட்டா கேஷ்) 16 ஜிபி, அதாவது ரேமில் கால் பங்கு. இதைத்தான் பெரும்பாலும் தொடக்க அளவாகச் சொல்வார்கள். வொர்க் மெம் (குவரியின் வேலைக்கான மெமரி வரம்பு) 64 எம்பி, மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் 800. அப்ளிகேஷன் சர்வர்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கனெக்‌ஷன் பூல் வைத்திருந்தன. எல்லாம் சேர்த்து எப்போதும் 740 கனெக்‌ஷன் திறந்தே இருக்கும். அதில் பெரும்பாலானவை சும்மா காத்திருப்பவை. இரவில் ஒரு ரிப்போர்ட் ஜாப் ஓடும்.

முதல் முறை விழுந்தது அந்த ரிப்போர்ட் ஓடும்போதுதான். போஸ்ட்கிரெஸ் லாகில் ஒரு சர்வர் ப்ராசஸ் சிக்னல் 9-ஆல் நின்றது என்று ஒரு வரி. அடுத்து மற்ற எல்லா ப்ராசஸையும் நிறுத்துவதாக ஒரு வரி. அப்புறம் "சரியாக ஷட்டவுன் ஆகவில்லை, ரெக்கவரி நடக்கிறது" என்ற வரி. ஒரு கனெக்‌ஷன் கொல்லப்பட்டால் ஏன் எல்லாமே விழ வேண்டும் என்று புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கொல்லப்பட்ட ப்ராசஸ் அந்த நொடியில் பொது மெமரியில் எதையோ பாதி எழுதியிருக்கலாம். அதை நம்பித் தொடர முடியாது. அதனால் போஸ்ட்கிரெஸின் தாய் ப்ராசஸான போஸ்ட்மாஸ்டர் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, மெமரியைப் புதிதாக அமைத்து, மாற்றங்களை முன்கூட்டியே பதிந்துவைக்கும் வால் லாகிலிருந்து மீட்டெடுக்கிறது. எங்களுக்கு நான்கு நிமிடம் சேவை நின்றது.

இந்த நடத்தைக்கு ஒரு பக்கவிளைவு உண்டு, அதுதான் எங்களை ஏமாற்றியது. ஒன்றைக் கொன்றதும் 740-ம் சேர்ந்து போகிறது, மெமரி முழுதும் திரும்பி வருகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு "கொல்லப்பட்டவன்தான் எல்லாவற்றையும் பிடித்துவைத்திருந்தான்" என்றே தோன்றும்.

தவறான வழி ஒன்று, இரண்டு

ரிப்போர்ட் ஓடும்போது விழுந்ததால் ரிப்போர்ட்டின் மேல் பழி போட்டோம். வொர்க் மெம் என்பது ஒரு கனெக்‌ஷனுக்கான அளவு அல்ல. ஒரு குவரியின் ஒவ்வொரு சார்ட்டுக்கும் ஒவ்வொரு ஹாஷுக்கும் தனித்தனியாக அவ்வளவு எடுக்கலாம். போஸ்ட்கிரெஸ் 15-இலிருந்து ஹாஷ் மெம் மல்டிப்ளையர் இயல்பாகவே 2 என்பதால் ஹாஷுக்கு அதன் இரட்டிப்பு கிடைக்கும். இந்த விவரம் தெரிந்திருந்ததால் எங்கள் சந்தேகம் இன்னும் உறுதியானது. வொர்க் மெம்மை 64-இலிருந்து 16 எம்பிக்குக் குறைத்தோம். 40 நிமிடத்தில் முடிந்த ரிப்போர்ட், டெம்ப் ஃபைல்களை எழுதி எழுதி இரண்டு மணி நேரம் எடுத்தது. சரி, சர்வர் விழாமல் இருந்தால் போதும் என்று பொறுத்துக்கொண்டோம்.

ஐந்தாம் நாள் மீண்டும் விழுந்தது. இந்த முறை நடுப்பகல். ரிப்போர்ட் ஓடவே இல்லை.

அடுத்து ஏதோ ஒரு குவரி மெமரியைக் கசியவிடுகிறது என்று முடிவு செய்தோம். நிமிடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு போஸ்ட்கிரெஸ் ப்ராசஸின் ரெஸ் மதிப்பையும் (அது ரேமில் பிடித்திருக்கும் அளவு), கூடவே கெர்னலின் மெமரி கணக்கைக் காட்டும் மெம்இன்ஃபோ கோப்பையும் பதிவுசெய்யும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டோம். ரெஸ் மதிப்புகளை நான் கூட்டிப் பார்த்தேன். 10 டிபிக்கு மேல் வந்தது. 62 ஜிபி உள்ள சர்வரில் 10 டிபி!

அந்த எண்தான் கண்ணைத் திறந்தது. டாப் கட்டளை காட்டும் ரெஸ் மதிப்பில் பொது மெமரியும் அடக்கம். ஷேர்டு பஃபர்ஸில் ஒரு கனெக்‌ஷன் தொட்ட பக்கங்கள் (மெமரியின் 4 கேபி துண்டுகள்) எல்லாம் அந்தக் கனெக்‌ஷனின் பேரில் எழுதப்படும். அதே பக்கங்களை அடுத்த கனெக்‌ஷனும் தொட்டால் அதன் பேரிலும் எழுதப்படும். இருப்பதோ ஒரே 16 ஜிபி, அதை 740 பேரும் தங்களுடையது என்று காட்டுகிறார்கள். அப்படியானால் கெர்னல் லாகில் இருந்த அந்த 14.5 ஜிபியும் எல்லோருக்கும் பொதுவான மெமரிதான். அந்தக் கனெக்‌ஷனின் சொந்த மெமரி முதல் எண்தான், வெறும் 22 எம்பி.

மெமரி தீர்ந்தால் ஒரு ப்ராசஸைக் கொல்லும் கெர்னல் பகுதியான ஊம் கில்லர் அதை ஏன் தேர்ந்தெடுத்தது என்பதும் இப்போது விளங்கியது. கெர்னல் மதிப்பெண் போடும்போது ப்ராசஸின் ஆர்எஸ்எஸ் (அதாவது ரெஸ்), ஸ்வாப், பேஜ் டேபிள் (பின்னால் விளக்குகிறேன்) மூன்றையும் கூட்டுகிறது. ஆர்எஸ்எஸ்ஸில் பொது மெமரியையும் சேர்த்தே எண்ணுகிறது. எனவே நீண்ட நாள் திறந்திருந்து, ஷேர்டு பஃபர்ஸில் பெரும்பகுதியைத் தொட்டுவிட்ட ஒரு பழைய கனெக்‌ஷனுக்கே அதிக மதிப்பெண். அது எந்தத் தப்பும் செய்திருக்காது. அதை மட்டும் கொன்றால் திரும்பி வருவது 50 எம்பி சொச்சம்தான்.

கணக்கு உதைத்த இடம்

ஒன்பதாம் நாள் மூன்றாவது முறை விழுந்தது. இந்த முறை செட்டிங் எதையும் தொடாமல், கொல்லப்பட்ட வரிக்கு மேலே கெர்னல் கொட்டியிருந்த முழு அறிக்கையையும் அச்செடுத்து உட்கார்ந்தோம். அந்த அறிக்கையில் பெரும்பாலான எண்கள் 4 கேபி பக்கக் கணக்கில் இருக்கும். ஜிபியாக மாற்ற 2,62,144-ஆல் வகுக்க வேண்டும்.

அனான் என்பது டிஸ்க் கோப்போடு ஒட்டாத மெமரி. ஆக்டிவ் அனான், இன்ஆக்டிவ் அனான் இரண்டும் சேர்ந்து 35 ஜிபி. இதற்குள் ஷ்மெம் (பொது மெமரி) 16.6 ஜிபி அடக்கம், அது பெரும்பாலும் ஷேர்டு பஃபர்ஸ். மீதி 18.4 ஜிபி ப்ராசஸ்களின் சொந்த மெமரி. அதில் ஏறக்குறைய 16 ஜிபி அந்த 740 கனெக்‌ஷன்களுடையது, ஆளுக்கு 22 எம்பி. ஸ்லாப் (கெர்னலின் சொந்தத் தேவைக்கான மெமரி) 2.6 ஜிபி. ஃபைல் கேஷ் 0.6 ஜிபி வரை சுருங்கியிருந்தது. காலி இடம் அரை ஜிபி. மொத்தம் 38.7 ஜிபி. 62-இலிருந்து கழித்தால் 23 ஜிபி சொச்சத்தைக் காணோம்.

எந்த ப்ராசஸின் பெயரிலும் அது இல்லை. அறிக்கையை வரிவரியாகப் படித்துக்கொண்டே வந்தபோது ஒரு சக ஊழியர் பென்சிலால் ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டார்: "பேஜ்டேபிள்ஸ்: 5838112." வகுத்துப் பார்த்தோம். 22.3 ஜிபி.

அதற்குக் கீழே ப்ராசஸ் பட்டியலில் பிஜிடேபிள்ஸ் பைட்ஸ் என்று ஒரு பத்தி உண்டு. ஒரு வரியில் 31600640, அடுத்த வரியிலும் ஏறக்குறைய அதே எண், அதற்கடுத்ததிலும் அதே. பக்கம் பக்கமாக 740 வரி, ஒவ்வொன்றும் 30 எம்பியை ஒட்டி. முதல் நாள் லாகிலும் இதே பத்தி இருந்தது. நாங்கள் பார்க்கவில்லை.

பேஜ் டேபிள் எப்படி இவ்வளவு பெரிதாகிறது

ஒரு ப்ராசஸ் பார்க்கும் மெமரி முகவரி ஒன்று, ரேமில் உள்ள உண்மையான இடம் வேறொன்று. இரண்டையும் பொருத்திவைக்கும் அட்டவணைதான் பேஜ் டேபிள். அது ப்ராசஸுக்கு ப்ராசஸ் தனி. 4 கேபி பக்கம் ஒன்றுக்கு 8 பைட் பதிவு. 16 ஜிபியில் 41,94,304 பக்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 8 பைட் என்றால் 32 எம்பி. பொது மெமரி ஒன்றுதான் என்றாலும், அதற்கான அட்டவணையை ஒவ்வொரு கனெக்‌ஷனும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. ஒரே நூலகத்தில் 740 வாசகர்கள் ஆளுக்கொரு முழு நூற்பட்டியலைக் கையால் எழுதி வைத்துக்கொள்வதைப் போல.

இந்த அட்டவணை கனெக்‌ஷன் திறந்தவுடன் முழுதாக உருவாவதில்லை. தொடத் தொட வளர்கிறது. அட்டவணையின் ஒரு தாளில் 512 பதிவுகள் உண்டு, அது 2 எம்பி பரப்பைக் காட்டும். அந்த 2 எம்பிக்குள் ஒரே ஒரு பக்கத்தைத் தொட்டாலும் முழுத் தாளும் உருவாகிவிடும். இண்டெக்ஸ் வழியாக அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கிற எங்கள் அப்ளிகேஷனுக்கு இதைவிட மோசமான பொருத்தம் இல்லை. பெரிய டேபிளை முதலிலிருந்து கடைசிவரை ஸ்கேன் செய்யும் குவரி 256 கேபி அளவுள்ள ஒரு சின்ன வளையத்துக்குள்ளேயே சுற்றிக்கொள்ளும். அது இந்த அட்டவணையை அவ்வளவாக வளர்ப்பதில்லை. நாங்கள் பழி போட்ட ரிப்போர்ட் பெரும்பாலும் இந்த வகைதான்.

இதை நேரில் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ப்ராக் அடைவில் ஒவ்வொரு ப்ராசஸின் ஸ்டேட்டஸ் கோப்பிலும் விஎம்பிடிஇ என்று ஒரு வரி இருக்கும், அந்த ப்ராசஸின் பேஜ் டேபிள் அளவு. திறந்திருக்கும் கனெக்‌ஷன்களைப் பட்டியலிடும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் கனெக்‌ஷன் தொடங்கிய நேரத்தை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்தோம். அப்போதுதான் திறந்த கனெக்‌ஷனில் 300 கேபி. ஒரு மணி நேரம் ஆனதில் 4 எம்பி. ஒரு நாள் ஆனதில் 15. மூன்று நாள் ஆனதில் 29. அதற்கு மேல் மெதுவாகி 31, 32-இல் நிற்கிறது. எங்கள் சர்வர் ஏன் நான்கைந்து நாளுக்கு ஒரு முறை விழுந்தது என்ற கேள்விக்கு இந்த ஐந்து எண்களே பதில். ரீஸ்டார்ட் ஆனதும் எல்லா அட்டவணையும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் "இப்போது சரியாகிவிட்டது" என்று நினைத்தோம்.

திடீரென்று ஏன் தொடங்கியது என்பதற்கும் விடை கிடைத்தது. சில வாரங்களுக்கு முன் இரண்டு மாற்றங்கள் செய்திருந்தோம். ஷேர்டு பஃபர்ஸை 8-இலிருந்து 16 ஜிபி ஆக்கினோம். வேறொரு நாள் அப்ளிகேஷன் சர்வர்களை இரட்டிப்பாக்கினோம், கனெக்‌ஷன் 370-இலிருந்து 740 ஆனது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே சாதாரண மாற்றங்கள், தனித்தனியாகவே சோதித்தோம். ஆனால் பேஜ் டேபிள் இரண்டின் பெருக்கல். இரண்டும் இரட்டிப்பானதால் அது நான்கு மடங்கானது. ஐந்தரை ஜிபியாக இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை. 22 ஆனபோது சர்வர் விழுந்தது.

இதில் எனக்கு இன்னும் மனதை உறுத்துவது ஒன்று. இரண்டாவது முறை விழுந்தபின் ஷேர்டு பஃபர்ஸை 24 ஜிபி ஆக்கலாம் என்று நானே எழுதி அனுப்பியிருந்தேன். ஒவ்வொரு முறையும் விழுவதற்குச் சில மணி நேரம் முன்பு டிஸ்க் ரீட் ஏறியதைப் பார்த்து, கேஷ் போதவில்லை என்று எண்ணினேன். ஃபைல் கேஷை நசுக்கியதே பேஜ் டேபிள்தான் என்று அப்போது தெரியாது. அதைச் செய்திருந்தால் கனெக்‌ஷனுக்கு 48 எம்பி ஆகியிருக்கும், இரண்டு நாள்கூடத் தாங்கியிருக்காது.

சரிசெய்தது

முதல் வேலை ஹியூஜ் பேஜ். 4 கேபிக்குப் பதில் 2 எம்பி பக்கம் என்றால் 16 ஜிபிக்கு 8,192 பதிவுகள் போதும், 64 கேபி. எத்தனை பக்கம் ஒதுக்க வேண்டும் என்று போஸ்ட்கிரெஸ் 15-இடமே கேட்கலாம். ஷேர்டு மெமரி சைஸ் இன் ஹியூஜ் பேஜஸ் என்ற பாராமீட்டரை ஷோ கட்டளையால் பார்த்தால் எண் வரும். எங்களுக்கு 8432. கொஞ்சம் கூட்டி 8500 என்று கெர்னல் செட்டிங்குகளை மாற்றும் சிஸ்கன்ட்ரோலில் வைத்தோம்.

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் இதைச் செய்தபோது 3127 மட்டுமே கிடைத்தது. மெமரி ஏற்கெனவே துண்டு துண்டாகியிருந்ததால் தொடர்ச்சியான 2 எம்பி இடங்கள் கெர்னலுக்கு அகப்படவில்லை. எந்தப் பிழையும் வராது, கேட்டதைவிடக் குறைவாகக் கொடுத்துவிட்டு அமைதியாக இருக்கும். மெம்இன்ஃபோவில் ஹியூஜ்பேஜஸ் டோட்டல் வரியைப் பார்த்தால்தான் தெரியும். சர்வரையே ரீபூட் செய்தபின் 8500-ம் வந்தது.

போஸ்ட்கிரெஸ் பக்கத்தில் ஹியூஜ் பேஜஸ் செட்டிங் இயல்பாக "ட்ரை" என்று இருக்கும். கிடைத்தால் பயன்படுத்தும், கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் 4 கேபிக்குத் திரும்பிவிடும். அதை "ஆன்" என்று மாற்றினோம். கிடைக்காவிட்டால் போஸ்ட்கிரெஸ் தொடங்கவே தொடங்காது. அதுதான் எங்களுக்கு வேண்டும். நான்கு நாள் கழித்துத் திடீரென விழுவதைவிட, ரீபூட் செய்து ஆள் பக்கத்தில் இருக்கும்போதே தொடங்க மறுப்பது நல்லது. கெர்னல் தானாகவே பெரிய பக்கம் கொடுக்க முயலும் ட்ரான்ஸ்பரன்ட் ஹியூஜ் பேஜ் வேறு சங்கதி. அது ஆன் ஆகியிருப்பதாலேயே ஷேர்டு பஃபர்ஸ் பெரிய பக்கத்தில் உட்கார்ந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

அதே 740 கனெக்‌ஷனோடு நான்கு நாள் ஓடியபின் பேஜ்டேபிள்ஸ் 210 எம்பி. 22 ஜிபி எங்கே, 210 எம்பி எங்கே. அந்த எண்ணைப் பார்த்தபோது குழுவில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. வொர்க் மெம்மையும் அன்றே 64-க்குத் திருப்பினோம். ரிப்போர்ட் மறுபடி 40 நிமிடத்தில் முடிகிறது.

இரண்டாவது வேலை, பல அப்ளிகேஷன் கனெக்‌ஷன்களைச் சில டேட்டாபேஸ் கனெக்‌ஷன்களில் பகிரவைக்கும் பிஜிபவுன்சர், ட்ரான்ஸாக்‌ஷன் முறையில். சும்மா காத்திருக்கும் நூற்றுக்கணக்கான கனெக்‌ஷன்களுக்கு ஆளுக்கொரு ப்ராசஸ் கொடுப்பது வீண். டேட்டாபேஸ் பக்கம் 80 கனெக்‌ஷனே போதும் என்று தெரிந்தது. இந்த வேலைக்குத்தான் அதிக நாள் பிடித்தது. ட்ரான்ஸாக்‌ஷன் முறையில் ஒரு ட்ரான்ஸாக்‌ஷன் முடிந்ததும் அடுத்ததற்கு வேறு கனெக்‌ஷன் கிடைக்கலாம். எனவே செஷனோடு ஒட்டிய எதுவும் நம்ப முடியாது. எங்கள் கோடில் ஒரு இடத்தில் செஷன் அளவிலான அட்வைசரி லாக் (அப்ளிகேஷன் தானே போட்டுக்கொள்ளும் பூட்டு) இருந்தது. அதை ட்ரான்ஸாக்‌ஷன் அளவுக்கு மாற்றினோம். முன்கூட்டியே தயாரித்துவைக்கும் குவரிகளான ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டுகளுக்காக பிஜிபவுன்சரின் 1.21 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை எடுத்தோம். அதற்கு முந்தையவை ட்ரான்ஸாக்‌ஷன் முறையில் அவற்றைத் தாங்காது.

மூன்றாவது, ஓவர்கமிட், அதாவது இருப்பதைவிட அதிக மெமரிக்குக் கெர்னல் வாக்குக் கொடுப்பது. இயல்பான 0 நிலையில் கெர்னல் கேட்பவர்க்கெல்லாம் தாராளமாக வாக்குக் கொடுக்கும், கொடுக்க முடியாதபோது ஒருவரைக் கொல்லும். அதை 2 ஆக்கினோம். இந்த நிலையில் எல்லை தாண்டினால் கேட்கும்போதே மறுத்துவிடும். போஸ்ட்கிரெஸ் அந்த மறுப்பை 53200 என்ற பிழையாக அந்தக் குவரிக்கு மட்டும் திருப்பும், மற்றவர்கள் வேலை தொடரும். அந்த எல்லைக்கு ரேமில் எத்தனை சதவீதம் என்று சொல்லும் ரேஷியோவை இயல்பான 50-இலேயே விட்டிருந்தால் பாதி ரேம் வீணாகியிருக்கும். 85 வைத்தோம். ஹியூஜ் பேஜ் போக 45.4 ஜிபி, அதில் 85 சதவீதம் 38.6, புதிதாகச் சேர்த்த 4 ஜிபி ஸ்வாப்பையும் கூட்டினால் எல்லை 42.6 ஜிபி. மாற்றும் முன் ஒரு வாரம் கமிட்டட் ஏஎஸ் வரியை (இதுவரை வாக்குக் கொடுத்த மெமரி) கவனித்து, அது எல்லைக்கு வெகு கீழே இருப்பதை உறுதிசெய்துகொண்டோம். சோதனை சர்வரில் எல்லையை வேண்டுமென்றே சிறிதாக்கி ஒரு கனமான குவரியை ஓட்டினோம். அது மட்டும் பிழையோடு நின்றது, பக்கத்தில் ஓடிய மற்ற செஷன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஊம் கில்லர் போடும் மதிப்பெண்ணைக் கூட்டிக் குறைக்க, போஸ்ட்மாஸ்டருக்கு ஊம் ஸ்கோர் அட்ஜஸ்ட் −900, அதன் பிள்ளைகளுக்கு 0 என்றும் வைத்திருக்கிறோம். போஸ்ட்மாஸ்டர் செத்தால் மீட்டெடுக்கக்கூட ஆள் இருக்காது.

கண்காணிப்பு வரைபடத்தில் இப்போது ஃப்ரீ, யூஸ்டு தவிர அனான்பேஜஸ், பேஜ்டேபிள்ஸ், கமிட்டட் ஏஎஸ் மூன்றும் தனிக் கோடுகளாக இருக்கின்றன. பேஜ்டேபிள்ஸ் 1 ஜிபியைத் தாண்டினால் எச்சரிக்கை வரும்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஒரு கனெக்‌ஷனுக்கு 22 எம்பி சொந்த மெமரி என்பதும் அதிகம்தான். போஸ்ட்கிரெஸ் 14-இலிருந்து இருக்கும் பிஜி லாக் பேக்எண்ட் மெமரி கான்டெக்ஸ்ட்ஸ் ஃபங்‌ஷனை ஒரு பழைய கனெக்‌ஷன் மேல் ஓட்டிப் பார்த்தோம். 14 எம்பி, டேபிள் விவரங்களை வைத்திருக்கும் கேஷ் மெமரி கான்டெக்ஸ்ட்டில் இருந்தது. எங்களிடம் ஆயிரக்கணக்கான பார்ட்டிஷன்கள் (பெரிய டேபிளைப் பிரித்த துண்டுகள்). கனெக்‌ஷன் தொடும் ஒவ்வொரு பார்ட்டிஷனின் விவரமும் அதில் சேர்ந்துகொண்டே போகிறது. பிஜிபவுன்சர் தன் சர்வர் கனெக்‌ஷன்களை இயல்பாகவே ஒரு மணி நேரத்தில் மூடிப் புதிதாகத் திறப்பதால் இப்போதைக்கு இது கட்டுக்குள் இருக்கிறது. பழைய பார்ட்டிஷன்களை ஒன்றுசேர்க்கும் வேலையை அடுத்த மாதம் எடுக்கிறோம்.